குவில்ட்டுக்கு இருநிற முக்கோணச் சதுரங்களை வேகமாகத் தைப்பது எப்படி?

துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட். அதில் வெளிர் நிறத்தில் ஒன்று, அடர் நிறத்தில் ஒன்று என இரண்டு முக்கோணங்கள் சேர்ந்து ஒரு சதுரமாகும். இதற்கு முக்கோணங்களைத் தனித்தனியாக வெட்டி இணைக்காதீர்கள். மூலைக்கு மூலை வெட்டிய ஓரம் கை பட்டாலே இழுபட்டு, சதுரம் கோணலாகிவிடும். முதலில் தைத்து, பிறகு வெட்டினால் ஒரே தடவையில் எட்டுச் சதுரங்கள் கிடைக்கும்.

வெளிர் நிறத்தில் ஒன்று, அடர் நிறத்தில் ஒன்று என ஒரே அளவில் இரண்டு பெரிய சதுரங்கள் வேண்டும். குவில்ட்டில் தெரிய வேண்டிய அளவுடன் 1 அங்குலம் கூட்டி, இரண்டால் பெருக்குங்கள். 3 அங்குலச் சதுரத்துக்கு 8 அங்குலத் துணி. துல்லியக் கணக்கில் ⅞ அங்குலம் கூட்டினாலே போதும். ஆனால் கடைசியில் ஓரத்தைச் சீவ இடம் இருப்பது நிம்மதி.

நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி அடுக்கி, வெளிர் துணியின் பின்பக்கத்தில் மூலைக்கு மூலை பென்சிலால் இரண்டு கோடுகள் போடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தையுங்கள். மொத்தம் நான்கு தையல். கோட்டின் மேல் ஊசி போகக் கூடாது. அடுத்து, துணியை நகர்த்தாமல் நட்டநடுவே நெடுக்காகவும் கிடையாகவும் வெட்டுங்கள். கடைசியாகப் பென்சில் கோடுகளில்.

விரித்து, தையல் மடிப்பை அடர் நிறப் பக்கம் தள்ளி இஸ்திரி போடுங்கள். இழுத்துத் தேய்க்காமல் அழுத்தி எடுக்க வேண்டும். அளவுகோலின் 45 டிகிரிக் கோட்டைத் தையல் மேல் பொருத்தி 3½ அங்குலத்துக்குச் சீவுங்கள். குவில்ட்டில் இணைக்கும்போது ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய், 3 அங்குலம் தெரியும்.

இரு துணிகளையும் நான்கு ஓரமும் சுற்றித் தைத்து, மூலைக்கு மூலை வெட்டும் முறை இன்னும் எளிதுதான். நான்கு சதுரங்கள் வரும். ஆனால் வெளி ஓரம் அத்தனையும் இழுபடும் ஓரமாகிவிடுவதால், கஞ்சி போடாத துணியில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.