வீட்டு ஸ்டூடியோவுக்கு எந்த மென்பொருள்? கேள்வியும் பதிலும்

வெள்ளவத்தையில் ஒரு பிளட்டின் பின்னறையை ஸ்டூடியோவாக்கி, பன்னிரண்டு வருடமாகப் பக்திப் பாடல், கல்யாண வீடியோப் பாட்டு, விளம்பரக் குரல் என்று கிடைத்ததையெல்லாம் பதிவு செய்கிறவன் நான். பாட்டைப் பதிந்து, வெட்டி ஒட்டி, ஒன்றாகக் கலந்து (மிக்ஸ் செய்து) எடுக்க, கியூபேஸ், ரீப்பர் போன்றவற்றில் எந்த மென்பொருள் வாங்குவது என்று ஆளாளுக்குத் தனித்தனியே கேட்டுக்கொண்டிருந்ததால், எல்லோரும் ஒரே தடவையில் கேட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. சில இடங்களில் நான் அலட்டியிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தெஹிவளை): அண்ணா, நேரடியாகச் சொல்லுங்கோ, ஆகச் சிறந்த சவுண்ட் தருவது எது? கியூபேஸில் மிக்ஸ் பண்ணினால் பாட்டு தடிப்பாக இருக்கும் என்கிறார்களே?

பதில்: தம்பி, அந்தக் கதையை நானும் வருடக்கணக்காக நம்பினேன். ஒருநாள் வேலை இல்லாத நேரத்தில் மினக்கெட்டுச் செய்து பார்த்தேன். ஒரே பாட்டின் எட்டு டிராக்கை (குரல், கருவி என்று தனித்தனியே பதிந்தவற்றை) ரீப்பரிலும் கியூபேஸிலும் போட்டு, இஃபெக்ட் ஒன்றும் இல்லாமல், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் எல்லாம் ஒரே அளவில் வைத்து இரண்டிலும் வேவ் என்கிற ஒலி ஃபைல் எடுத்தேன். பிறகு இரண்டு ஃபைலையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டு, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி ஓடவிட்டேன். இரண்டும் அச்சொட்டாக ஒன்று என்றால் ஒன்றையொன்று அழித்து மௌனமாகிவிட வேண்டும். முதலில் பாட்டு மெல்லியதாகக் கேட்டது, அட, வித்தியாசம் இருக்கிறதே என்று எனக்கே சந்தோஷம். பார்த்தால் பேன் லோ என்கிற செட்டிங் இரண்டிலும் வேறு வேறு. நடுவில் இருக்கும் டிராக்கை எத்தனை டெசிபெல் குறைப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கும். அதைச் சமப்படுத்தியதும் மீட்டர் அசையவே இல்லை. தடிப்பும் இல்லை, மெலிவும் இல்லை.

அதனால் சவுண்டை வைத்துத் தெரிவு செய்யாதீர்கள். ஒரு நாளில் உங்கள் கை எந்த வேலையை அதிகம் செய்கிறது என்று பாருங்கள். பாடகரை நிறுத்தி நாலைந்து தடவை பாடவைத்து, அதில் நல்ல வரிகளை வெட்டி ஒட்டுவதுதான் வேலை என்றால் கியூபேஸ், ரீப்பர், லொஜிக், புரோ டூல்ஸ் பக்கம் போங்கள். கீபோர்டை வைத்துக்கொண்டு பீட் கட்டுவதுதான் வேலை என்றால் எஃப்.எல். ஸ்டூடியோ. மேடையிலும் அதையே ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஏபிள்டன் லைவ், அது அதற்கென்றே செய்தது.

கேள்வி (மட்டக்குளி): எஃப்.எல். ஸ்டூடியோவின் ஆக மலிவான பதிப்பை வாங்கலாம் என்றிருக்கிறேன். ராப் பாடுகிறேன். போதுமா?

பதில்: போதாது. வாங்கும் முன் கேட்டீர்களே, நல்லது. ஃப்ரூட்டி என்கிற அந்த முதல் பதிப்பில் மைக்கில் பாடிப் பதிவு செய்ய முடியாது, பீட் மட்டும்தான் செய்யலாம். குரல் பதிய வேண்டும் என்றால் அடுத்த படியான புரொடியூசர் பதிப்பு வேண்டும். இதைத் தெரியாமல் காசு கட்டிவிட்டு என்னிடம் வந்து முகத்தைத் தொங்கப்போட்ட பெடியன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இன்னொன்று, அதன் இலவச ட்ரையலில் புரொஜெக்டைச் சேமிக்கலாம், ஆனால் வாங்கும் வரைக்கும் திரும்பத் திறக்க முடியாது. ஆகவே இருந்த இருப்பில் ஒரு பீட்டை முடித்து வேவ் ஆக எடுத்துப் பழகுங்கள். அதன் பெரிய நன்மை, ஒருமுறை வாங்கினால் பிறகு வருகிற புதிய பதிப்பெல்லாம் ஆயுசுக்கும் இலவசம். வேறு யாரும் இப்படிக் கொடுப்பது அரிது.

கேள்வி (கொட்டாஞ்சேனை, சங்கீத ஆசிரியை): என் மாணவிகள் பாடும் தேவாரம், கீர்த்தனைகளை வீட்டிலேயே பதிய வேண்டும். மிருதங்கமும் வயலினும் உண்டு. இந்த மென்பொருள்கள் எல்லாம் வெள்ளைக்காரர் பாட்டுக்குத்தானே, நமக்குச் சரிவருமா?

பதில்: சரிவரும் டீச்சர், ஆனால் மூன்று இடத்தில் நீங்கள் அதை அடக்கி ஆள வேண்டும்.

முதலாவது தாளம். புதிய புரொஜெக்ட் திறந்ததும் அது 4/4 என்றுதான் நிற்கும். ஆதி தாளத்துக்கு அது பிரச்சினை இல்லை, இரண்டு பார் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ரூபகத்துக்கு 3/4. மிஸ்ர சாபுக்கு 7/8 வைத்தால் கிளிக் (மெட்ரோனோம் தட்டும் ஒலி) முதல் தட்டில் மட்டும் அழுத்தி, மற்ற ஆறையும் ஒரே மாதிரித் தட்டிக்கொண்டு போகும், பாடுகிற பிள்ளை எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தடுமாறும். ரீப்பரில் மெட்ரோனோமின் எந்தத் தட்டு அழுத்தம், எது மெல்லியது என்று நாமே வைக்கலாம், அதனால் மூன்றும் நாலுமாகப் பிரித்து ‘தகிட தகதிமி’ என்று விழச் செய்யலாம். தாளம் இல்லாமல் பாடுகிற விருத்தத்துக்குக் கிளிக்கே வேண்டாம், தம்புராவை மட்டும் ஹெட்போனில் விட்டு அதன்பாட்டில் பாடவிடுங்கள். பாட்டு தொடங்கும் இடத்தில் கிளிக்கைத் தொடங்கினால் போதும்.

இரண்டாவது சுருதி. பிள்ளை ஐந்து கட்டையில் பாடினால் புரொஜெக்டின் முதல் டிராக்காக ஜி சுருதியில் தம்புராவை முழு நீளத்துக்கும் போட்டுவிடுங்கள். வயலின்காரர் வேறு நாளில் வந்தாலும் அதே டிராக்குக்குச் சேர்ப்பார், மிருதங்கமும் அதற்கே சுதி சேர்க்கும். இதைச் செய்யாமல் ஆளுக்கு ஒரு சுதிப் பெட்டி வைத்துக்கொண்டு பதிந்த ஒரு இறுவட்டை மிக்ஸ் செய்யச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். அந்தத் தலையிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாவது, சுருதி திருத்தும் கருவிகள். கவனம் டீச்சர்! ஓட்டோடியூனுக்குக் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, தெரியாது. தோடி ராகத்தின் காந்தார ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காமல் மேலும் கீழும் அசைவதுதான் அதன் அழகு. இயந்திரத்தின் கண்ணுக்கு அது ஆடுகிற குரல், பிழை. உடனே படிக்கட்டு மாதிரி வெட்டி நேராக்கிவிடும், பிறகு அது தோடியும் இல்லை, ஒன்றும் இல்லை. திருத்தியே ஆக வேண்டும் என்றால் மெலடைன் போன்ற ஒன்றில், நீட்டி நிற்கிற ஸ்வரத்தை மட்டும் தெரிவுசெய்து, அதன் மையத்தை ஒரு பொட்டு நகர்த்துங்கள், அசைவைத் தொடாதீர்கள். கியூபேஸ் புரோவில் வேரியோடியோ, லொஜிக்கில் ஃப்ளெக்ஸ் பிட்ச் என்று இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் உள்ளதைச் சொன்னால், பிள்ளையைத் திரும்பப் பாடச் சொல்வதுதான் கெதியான வழி, அதற்கு நீங்களே பக்கத்தில் இருக்கிறீர்கள்.

உங்கள் வேலைக்கு ரீப்பர் போதும். சாம்பிள் இசைக்கருவிகள் (முன்பே பதிந்து வைத்த கருவி ஒலிகள்) அதனோடு வராது, உங்களுக்கு அவை தேவையும் இல்லை.

கேள்வி (பம்பலப்பிட்டி): மாதச் சந்தா கட்டுவதா, ஒரேயடியாக வாங்குவதா?

பதில்: நம் ஊரில் ஒரேயடியாக வாங்குவதே புத்தி. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, அந்த வருட நடுவில் 360-ஐத் தாண்டியது. மாதம் 10 டொலர் சந்தா கட்டியவருக்கு அதே மென்பொருள், அதே வசதி, பில் மட்டும் 2,000-இலிருந்து 3,600. சந்தாவை நிறுத்தினால் சொந்தப் புரொஜெக்டைத் திறக்கவே முடியாமல் போகலாம். ரீப்பரின் தனிநபர் உரிமம் 60 டொலர், அதாவது டொலர் 300 என்று வைத்தால் 18,000 ரூபாய், அதோடு வங்கி தன் கட்டணத்தையும் வெட்டும். இந்தத் தொழிலில் உங்கள் வருமானம் வருடத்துக்கு 20,000 டொலருக்குக் கீழே என்றால் அந்த விலை, அதற்கு மேலே போனால் 225. எனக்கு இன்னும் அந்தச் சிக்கல் வரவில்லை! முதல் 60 நாள் எதையும் பூட்டாமல் முழுதாகப் பாவித்துப் பார்க்கலாம். அதை எழுதியவர் ஜஸ்டின் ஃபிராங்கல், அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்ட விண்ஆம்ப் செய்த அதே ஆள். என் வயதுக்காரருக்கு அது ஒன்றே போதும், நம்பிக்கை வந்துவிடும்.

கேள்வி (வத்தளை): கிராக் வேர்ஷன் இருக்கும்போது ஏன் அண்ணா காசு?

பதில்: நானும் அந்த வழியில் வந்தவன்தான், புத்தன் வேஷம் போடவில்லை. ஆரம்பத்தில் ஒரு கடையில் எல்லாம் போட்டுத் தாருங்கள் என்று கொடுத்தேன், மென்பொருளும் அதற்குள் சேர்க்கிற முந்நூறு பிளகினும் (துணை மென்பொருள்) ஏற்றிய ஹார்ட் டிஸ்க் வந்தது. ஆறேழு மாதம் ராஜா மாதிரி இருந்தேன். ஒரு கோவிலுக்கு ஏழு பாட்டுச் செய்துகொண்டிருந்தபோது, கொடியேற்றத்துக்கு நாலு நாள் இருக்கையில், காலையில் திறந்தால் எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன, திரையில் பணம் கேட்டு ஒரு கடிதம். ஏழு பாட்டும் போச்சு. பாடகியை மறுபடி கூப்பிட்டு, ஓட்டோக் காசும் நானே கொடுத்து, இரண்டு இரவில் நாலு பாட்டுத்தான் மீட்க முடிந்தது. ஐயரின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு அந்தத் திருவிழாவுக்கே நான் போகவில்லை.

காசே இல்லை என்றால் வேவ்ஃபோர்ம் ஃப்ரீ இருக்கிறது, மெக் வைத்திருப்பவருக்கு கராஜ்பேண்ட் இருக்கிறது, புரோ டூல்ஸின் இன்ட்ரோ பதிப்பும் இலவசம், அதில் எட்டு ஓடியோ டிராக். கித்தாரும் குரலும் என்றால் எட்டே தாராளம். ஓடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) புதிதாக வாங்கினால் பெட்டிக்குள் பாருங்கள், ஏபிள்டன் லைவ் லைட் போன்ற ஒன்றுக்கான குறியீடு பெரும்பாலும் இருக்கும். அதைப் பார்க்காமலே பெட்டியை எறிகிறவர்கள் அதிகம்.

கேள்வி (வெள்ளவத்தை): பாடும்போது ஹெட்போனில் என் குரல் பிந்திக் கேட்கிறது. மென்பொருளை மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அது பஃபர் என்கிற செட்டிங், கம்ப்யூட்டர் எத்தனை சாம்பிளை (ஒலியின் சிறு துண்டை) சேர்த்து ஒரு தடவையில் கையாள்வது என்பது. சாம்பிள் ரேட் 44.1 கிலோஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 44,100 சாம்பிளில், பஃபர் 1024 என்று இருந்தால் ஒரு வழிக்கே 23 மில்லிசெக்கன், போய்த் திரும்பி வர 46. ஒலி ஒரு மில்லிசெக்கனில் 34 சென்டிமீற்றர் போகும், ஆகவே நீங்கள் பாடுவது சுமார் 16 மீற்றர் தள்ளி நிற்கிற ஆள் பாடுவது போலக் கேட்கும். கோவில் மண்டபத்தின் அந்தத் தலைப்பில் நின்று நாதஸ்வரம் வாசிக்க, இந்தத் தலைப்பில் நின்று தவில் அடிப்பது மாதிரி. பதியும்போது 128-க்கு இறக்குங்கள், மிக்ஸ் செய்யும்போது திரும்ப ஏற்றுங்கள். விண்டோஸ் என்றால் உங்கள் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் சொந்த ஏசியோ டிரைவரை (ஒலியைத் தாமதம் குறைத்துக் கொண்டுபோகும் மென்பொருள்) போடுங்கள். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மொனிட்டர் என்று, குரலைக் கம்ப்யூட்டருக்குப் போகாமலே ஹெட்போனுக்கு விடுகிற பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிட்டு, மென்பொருளில் அந்த டிராக்கின் மொனிட்டரை அணைத்துவிடுங்கள், பிரச்சினையே தீர்ந்தது.

கேள்வி (ராஜகிரிய): மெக்புக் வைத்திருக்கிறேன். லொஜிக்?

பதில்: ஓம். விண்டோஸில் ஓடாது, மெக்கில் ஒருதடவை கட்டணம் 199.99 டொலர், உள்ளே இசைக்கருவிகள் கொட்டிக் கிடக்கின்றன. 90 நாள் ட்ரையல் எடுத்து ஒரு பாட்டை முடித்துப் பாருங்கள். என்றைக்காவது விண்டோஸுக்கு மாறுவீர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள்.

கேள்வி (மருதானை): நான் வீட்டில் ரீப்பரில் பதிகிறேன், மிக்ஸ் செய்பவரிடம் புரோ டூல்ஸ். எப்படிக் கொடுப்பது?

பதில்: புரொஜெக்ட் ஃபைலை அனுப்பாதீர்கள், அது அங்கே திறக்காது. ஒவ்வொரு டிராக்கையும் பூச்சிய நேரத்திலிருந்து, இடையில் மௌனம் இருந்தாலும் அப்படியே, கடைசி வரைக்கும் முழு நீள வேவ் ஆக எடுங்கள், 24 பிட், நீங்கள் பதிந்த அதே சாம்பிள் ரேட்டில். அவர் எல்லாவற்றையும் இடது ஓரத்தில் ஒட்டினால் தானாகச் சேரும். ஃபைல் பெயரில் ‘ஓடியோ 17’ என்று விடாமல் ‘பல்லவி குரல் 2’ என்று எழுதுங்கள், வேகம் எவ்வளவு என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ் மோனோ ஒரு நிமிடத்துக்கு 8.6 எம்பி பிடிக்கும், ஐந்து நிமிடப் பாட்டு இருபது டிராக் என்றால் 860 எம்பி. டேட்டா பக்கேஜைப் பார்த்துக்கொண்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள், போகிற சாட்டில் ஒரு பிளேன்டீயும் குடிக்கலாம்.

கேள்வி (கிருலப்பனை): லப்டொப்பில் பதியும்போது ‘ங்’ என்று ஒரு இரைச்சல். மென்பொருளில் எடுக்கலாமா?

பதில்: முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கரண்ட்டின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல், சார்ஜர் வழியாக வருவது. பற்றரியில் பதியுங்கள். மென்பொருளால் எடுக்கப் போனால் குரலின் அடியும் சேர்ந்து போகும்.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): கடைசியாக, நீங்கள் என்ன பாவிக்கிறீர்கள்?

பதில்: குரல் பதிவதும் வெட்டுவதும் ரீப்பரில். கீபோர்ட், ஸ்ட்ரிங்ஸ் போட்டு இசையமைக்கிற வேலை வந்தால் கியூபேஸ், அதில் ஸ்வரங்களைக் கட்டமாக வரைகிற பியானோ ரோலுக்குக் கை பழகிவிட்டது. முந்தி யூ.எஸ்.பி. சாவி செருகினால்தான் கியூபேஸ் திறக்கும், அந்தச் சாவியைத் தேடி நான் அலுமாரிக்குக் கீழே படுத்திருக்கிறேன், 2022-இல் வந்த 12-ஆம் பதிப்போடு அந்தத் தொல்லை ஒழிந்தது. இரண்டிலும் ஓட்டோசேவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறேன், மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய அந்த வருடம் பழக்கிவிட்ட பழக்கம் அது. இரவு பதினொன்றுக்குப் பிறகுதான் குரல் பதிகிறேன். கடற்கரைப் பக்கத்துக் கடைசி ரயில் போனபிறகு மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து ஒழுக ஒரு சரணம் எடுப்போம், பிறகு விசிறியைப் போட்டு ஐந்து நிமிடம் ஓய்வு, அப்புறம் அடுத்த சரணம்.