84 வயதில் கழுத்து ஆபரேஷன் தாங்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 84 வயது. சில மாதங்களாகப் பொத்தான் போட முடியவில்லை, நடை தள்ளாடுகிறது. கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். இந்த வயதில் செய்யலாமா?

பதில்: வயதை மட்டும் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எண்பதைத் தாண்டியவர்களும் இதனால் பலன் பெறுகிறார்கள். இளையவர்களைவிட அவர்களுக்குச் சிக்கல்கள் அதிகம் வரும் என்பதும் உண்மைதான். வயதைவிட உடல் தளர்ச்சியைத்தான் பார்க்க வேண்டும். எடை குறைந்திருக்கிறதா, ஞாபகம் எப்படி, இதயமும் நுரையீரலும் எப்படி, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு? தள்ளாட்டத்தை மட்டும் வைத்து 'தளர்ந்தவர்' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அது தண்டுவட அழுத்தத்தாலேயே வந்திருக்கலாம். கை கால் கெடுவதற்கு முன் தன் வேலைகளைத் தானே செய்துகொண்டிருந்தாரா என்பதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

மேலும் கெடாமல் நிறுத்துவதுதான் ஆபரேஷனின் முதல் நோக்கம். நடையும் கைப்பிடியும் ஓரளவு தேறும். விரல் மரமரப்பு பலருக்கு மிச்சமிருக்கும். அழுத்தம் நீண்ட நாள் இருந்திருந்தால் மீட்சி குறையும். அதனால், செய்வதென்றால் தள்ளிப்போடுவதில் லாபமில்லை.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். விரல்களை முடிந்தவரை வேகமாக, முழுதாக மடக்கி, முழுதாக விரிக்கச் சொல்லுங்கள். 10 விநாடியில் 20 தடவைக்குக் குறைந்தால் தண்டுவடப் பாதிப்பாக இருக்கலாம். மூட்டுத் தேய்மானம் இருந்தாலும் எண்ணிக்கை குறையும். எனவே வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். தொடர்ந்து இறங்கினால், அடுத்த தேதிக்குக் காத்திராமல் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: முன்கழுத்து வழியாகச் செய்தால் விழுங்க முடியாது என்கிறார்களே?

பதில்: கழுத்தெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க்கை அடைய உணவுக்குழாயை ஒதுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் வீங்கி, விழுங்கச் சிரமமாகும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். முதியவர்களுக்குப் பயம் வேறு: உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம். தண்ணீர் குடிக்கும்போது இப்போதே புரையேறுகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பல மட்டங்களில் அழுத்தம் இருந்தால் பின்பக்கமாகச் செய்வதுண்டு. அதில் விழுங்கும் தொல்லை குறைவு. காயத்தில் தொற்றும் தசை வலியும் அதிகம். கழுத்து முன்னோக்கிக் கூன் விழுந்திருந்தால் பின்பக்கம் மட்டும் திறந்து தண்டுவடத்துக்கு இடம் கொடுப்பது பலருக்குப் போதாது. எலும்பு மெலிந்திருந்தால், அதில் பொருத்தும் ஸ்க்ரூ தளரலாம். எலும்பின் அடர்த்தியை டெக்ஸா ஸ்கேனில் முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆபரேஷனுக்குப் பிறகு கூட இருப்பவர் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: கழுத்து வீங்கி மூச்சுத் திணறினாலோ, கை கால் பலம் திடீரென இறங்கினாலோ ரத்தம் கட்டியிருக்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

இரவில் ஆளைத் தெரியாமல் பேசுவது முதியவர்களிடம் அடிக்கடி நடக்கும். கண்ணாடி, காது கருவி இரண்டையும் சீக்கிரமே போட்டுவிடுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். டாக்டர் அனுமதித்ததும் உட்காரவைத்து நடக்கவையுங்கள். இறுக்கமான காலர் தாடையிலும் பிடரியிலும் புண்ணாக்கும். அதைக் கழற்றித் தோலைப் பார்க்கும் முறையை நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில நாட்கள் கழித்துத் கையைத் தோளிலிருந்து தூக்க முடியாமல் போனால் டாக்டரிடம் காட்டுங்கள். ஐந்தாவது கழுத்து நரம்பு பலமிழப்பது இந்த ஆபரேஷனில் தெரிந்த சிக்கல்தான். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் பலம் திரும்பி வந்துவிடும்.