தடுப்பூசி என்னும் சொல் – கடிதம்

வணக்கம். கணையப் புற்றுநோய்க்கு எம்ஆர்என்ஏ தடுப்பூசி வந்துவிட்டது என்ற செய்தியை உறவினர்கள் மாறி மாறி எனக்கு அனுப்புகிறார்கள். தாய்மாமாவுக்குக் கட்டியை அறுத்து எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நோய் வந்த பிறகு தடுப்பூசி எதற்கு? அவருக்கு உதவுமா?
ர.

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். இந்த ஊசி அவருக்கு இப்போது உதவாது. இதை மென்று விழுங்கிச் சொல்வதில் பயனில்லை.

நீங்கள் படித்த சோதனை, கட்டியை எடுத்தவர்களுக்கு மட்டும் நடந்தது. எடுத்த கட்டியின் மரபணுவைப் படித்து, அந்த ஒருவரின் புற்றில் மட்டும் உள்ள பிறழ்வுகளில் அதிகபட்சம் 20ஐத் தேர்ந்து ஊசி தயாரிக்கிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அது ஆகாது. உடம்பில் ஒளிந்து மிச்சமிருக்கும் புற்றுசெல்களை, நம் உடம்பின் எதிர்ப்புப் படையான டி செல்களுக்குக் காட்டிக்கொடுப்பதுதான் அதன் வேலை. தடுப்பூசி என்ற பெயர்தான் நம்மைக் குழப்புகிறது.

கணையக் கட்டிக்குள் டி செல்கள் எட்டிப் பார்ப்பதே அரிது. அதனால் டி செல்களின் தடையை நீக்கும் இம்யூனோதெரபி மருந்து தனியாகப் பெரும்பாலும் தோற்றுவிடுகிறது. தடையை நீக்கினாலும் சண்டைக்கு வர ஆள் இல்லை. ஆளைத் திரட்ட ஊசி, தடையை நீக்க அட்டிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து, அப்புறம் கீமோ என்று சேர்த்துக் கொடுத்தது இதனால்தான்.

இந்தச் சோதனையை நடத்திய நியூயார்க் மருத்துவர் வினோத் பாலச்சந்திரன் குழு 2023இல் வெளியிட்ட முடிவில், ஊசி போட்ட 16 பேரில் 8 பேருக்கு டி செல்கள் கிளம்பின. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்த எட்டில் இருவருக்குத்தான் நோய் திரும்பியிருந்தது. மற்ற எட்டில் ஏழு பேருக்கு. முதலில் படித்தபோது எனக்குச் சந்தேகம்தான். ஏற்கெனவே தெம்பாக இருந்தவர்களுக்குத்தான் ஊசியும் பிடித்ததோ? அதையும் பார்த்திருக்கிறார்கள். கோவிட் தடுப்பூசிக்கு இரு தரப்பினரின் உடம்பும் ஒரேமாதிரிதான் பதில் சொன்னது. இந்தச் சின்னத் தகவல்தான் என்னைக் கொஞ்சம் நம்பவைத்தது. இருந்தாலும் 16 பேர், ஒப்பிட வேறு குழு இல்லை. ஊசிக் குழுவையும் கீமோ மட்டும் பெறும் குழுவையும் ஒப்பிட, சுமார் 260 பேருக்கான அடுத்த கட்டச் சோதனை 2023இல் தொடங்கியது. 'வந்துவிட்டது' என்பதெல்லாம் அது முடிந்த பிறகு பேச வேண்டியது.

மாமா விஷயத்தில் ஒன்று கேட்டுப் பாருங்கள். நூறில் ஓரிருவரின் கணையப் புற்றில் எம்எஸ்ஐ என்ற மரபணுக் கோளாறு இருக்கும். அவர்களில் சிலருக்கு இம்யூனோதெரபி தனியாகவே வேலை செய்கிறது. இந்தக் கோளாறு இருக்கிறதா என்று பரிசோதிக்கக் கட்டியை எடுக்க வேண்டியதில்லை, பயாப்சி துணுக்கு போதும். அந்தப் பரிசோதனை செய்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள்.