வைட் ரிசீவரை எடைபோடும்போது 40 கெஜ ஓட்டத்தைக் கடைசியாகப் பாருங்கள்

அமெரிக்கக் கால்பந்தில், வீசப்படும் பந்தைப் பிடிக்கும் வீரரான ஒரு கல்லூரி வைட் ரிசீவர் என்எஃப்எல் என்னும் தொழில்முறை லீக்கில் தேறுவாரா என்பதை, அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன்பே எதை வைத்துச் சொல்வது, 40 கெஜ ஓட்ட நேரத்தை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எந்த அணியிலும் வேலை பார்த்தவனல்லன். சனிக்கிழமைகளில் கல்லூரி ஆட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொழில்முறை ஆட்டத்தையும் பல பருவங்களாகத் தொடர்ந்து பார்த்துவரும் ரசிகன் என்ற அளவில் சொல்கிறேன். கல்லூரியில் ஒருவர் பந்தைப் பிடித்து முன்னேறிக் குவிக்கும் கெஜங்களில் பெரும்பகுதி, மேலே போனபின் அவருக்கு வாய்க்கவே வாய்க்காத சூழலில் கிடைத்தவை. ஆகவே அவர் மொத்தம் எத்தனை பந்து பிடித்தார் என்பதைவிட, தொழில்முறை ஆட்டத்தின் நெருக்கடி கல்லூரியிலேயே எட்டிப்பார்த்த சில தருணங்களில் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நான் தேடிப் பார்ப்பேன்.

முதலில் ஓட்ட நேரத்தை முடித்துவிடுகிறேன். ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் என்னும் உடல்திறன் சோதனை முகாமில், 2017ஆம் ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் ராஸ் 40 கெஜத்தை 4.22 வினாடியில் ஓடி அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை 9ஆவது தேர்வாக எடுத்தது. காயங்களும் சேர்ந்துகொள்ள, முதல் பருவத்தில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. அதே டிராஃப்டில் ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்த கூப்பர் கப் 4.62 வினாடியில் ஓடினார், 69ஆவது இடம் வரை காத்திருந்தார், 2021 பருவத்தில் 145 பந்துகள், 1,947 கெஜங்கள், 16 டச்டவுன்கள் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்தவை) என்று மூன்று பட்டியலிலும் முதலிடம் பிடித்து, இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் சிறந்த வீரராகவும் ஆனார். இதைக் கேட்டுவிட்டு வேகம் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மிக மெதுவாக ஓடுபவரைப் பற்றி எச்சரிக்கை செய்ய அந்த எண் உதவும், 4.35க்கும் 4.45க்கும் நடுவில் யார் மேல் என்று சொல்ல உதவாது. டிகே மெட்கால்ஃப் 228 பவுண்டு எடையுடன் 4.33 வினாடியில் ஓடியவர், ஆனால் திசை மாற்றத்தை அளக்கும் மூன்று கூம்பு ஓட்டத்தில் 7.38 வினாடி எடுத்துக்கொண்டார். மெதுவாக ஓடுபவர் என்று பெயர்பெற்ற, பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கான டாம் பிரேடி தம் காலத்தில் எடுத்த 7.20ஐவிட அது மெதுவானது என்று ஊரே சிரித்தது. அவர் 64ஆவது இடம் வரை இறங்கினார். ஆனால் நேர்க்கோட்டில் பாய்ந்து எதிராளியை அச்சுறுத்துவதுதான் அவருடைய பிழைப்பு என்றானபின், கூம்பைச் சுற்றிவரும் நேரத்தை வைத்து அவரை மதிப்பிட்டதில் பொருளே இல்லை. சியாட்டில் சீஹாக்ஸ் அவரை அதற்கேற்றபடியே பயன்படுத்திக்கொண்டது.

கல்லூரிச் சூழல் எந்த வகையில் வேறு என்பதை ஆடுகளத்திலிருந்தே காட்டலாம். இரண்டு ஆட்டத்திலும் களத்தின் அகலம் 160 அடிதான். ஆனால் பந்து வைக்கப்படும் உள்கோடுகளுக்கு இடையே என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குல இடைவெளி. கல்லூரியில் 40 அடி. எனவே கல்லூரியில் பந்து ஒரு பக்க உள்கோட்டில் வைக்கப்படும்போது மறுபக்கத்தில் ஏறத்தாழ 100 அடி அகலத்துக்கு வெட்டவெளி கிடைக்கிறது. அந்த வெளியில் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடியே பெயர் வாங்கியவர்கள் பலர் உண்டு. ஓரக்கோட்டை ஒட்டிப் பிடிக்கும்போது கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் போதும், மேலே இரண்டும் படவேண்டும். இவற்றைவிட முக்கியமானது, கல்லூரியில் பல கார்னர்பேக்குகள் (ரிசீவரைத் தடுக்கும் எதிரணி வீரர்கள்) ஏழெட்டு கெஜம் பின்வாங்கி நின்று, பந்து பிடிபட்டபின் மடக்கினால் போதும் என்று ஆடுகிறார்கள் என்பது. ஒரு பருவத்தில் 90 பந்து பிடித்தவரின் காணொளியைப் பொறுமையாகப் பார்த்தால், அவற்றில் பாதிக்கு மேல் யாரும் அவரைத் தொடவே இல்லை என்பது சில சமயம் தெரியவரும்.

ஆகவே நான் முதலில் தேடுவது பிரெஸ் கவரேஜ், அதாவது கார்னர்பேக் ரிசீவரின் முகத்துக்கு நேரே கையெட்டும் தூரத்தில் நின்று மறிக்கும் ஆட்டங்களை. என்எஃப்எல் விதிப்படி முதல் ஐந்து கெஜத்துக்குள் அவர் ரிசீவரைக் கைகளால் தள்ளித் தாமதப்படுத்தலாம். கபடியில் பாடிப்போகிறவர் ஒரு காலை நீட்டிக் காட்டி எதிராளியின் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதைப் போல, நல்ல ரிசீவர் முதல் இரண்டு அடியிலேயே கார்னர்பேக்கின் இடுப்பைத் திருப்பவைத்துவிடுவார். திரும்பிய கணத்தில் தம்மேல் விழவரும் கையைத் தட்டிவிட்டு அவரைத் தாண்டுவார். தாண்டியதும் பழைய ஓட்டக்கோட்டுக்கே திரும்பிவந்து அவரைத் தம் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். இந்தக் கடைசிப் பகுதியைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கார்னர்பேக் பந்தை எட்டித் தட்டிவிடுவார். முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும். தேறாதவர்கள் நின்ற இடத்திலேயே நான்கைந்து முறை கால் மாற்றி ஆடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், கைதட்டலும் கிடைக்கும். அதற்குள் குவார்ட்டர்பேக் வேறொருவரைத் தேடத் தொடங்கியிருப்பார்.

அடுத்தது ஓட்டத்தின் நடுவே வெட்டித் திரும்பும் இடம். 12 அல்லது 15 கெஜம் நேராக ஓடி, அங்கிருந்து உள்பக்கம் குறுக்கே திரும்பும் ரூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கு முன் மார்பு நிமிர்ந்துவிட்டால் கார்னர்பேக்குக்குச் செய்தி போய்விட்டது என்று பொருள். தாழ்ந்த உடலோடு, முழு வேகத்தின் தோற்றம் குலையாமல், இரண்டு மூன்று அடியில் வேகத்தைக் கொன்று திரும்புகிறவர்தான் மேலே பிழைப்பார். ஆழப் பந்துகளில் கைகளை எப்போது உயர்த்துகிறார் என்பதையும் பாருங்கள்: பந்துக்கு முதுகைக் காட்டி ஓடும் கார்னர்பேக் ரிசீவரின் கையையும் கண்ணையும் பார்த்துத்தான் பந்து வருவதைத் தெரிந்துகொள்கிறார், கடைசிக் கணம் வரை கையை எடுக்காதவர் அந்தத் தகவலை அவருக்குத் தருவதில்லை. பந்தை நழுவவிடுவதை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பருவத்தில் நழுவும் பந்துகள் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்குபவை, அடுத்த ஆண்டே மாறக்கூடியவை.

சூழலைப் படிப்பதில் அணிகளே எப்படிச் சறுக்குகின்றன என்பதற்கு 2020 டிராஃப்ட் நல்ல பாடம். எல்எஸ்யூ பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் ஜெஃபர்சன் அதற்கு முந்தைய பருவத்தில் 111 பந்துகளையும் 1,540 கெஜங்களையும் எடுத்திருந்தார். ஆனால் பெரும்பாலும் ஸ்லாட்டில், அதாவது ஓரத்தைவிட்டு உள்ளே தள்ளி நின்று ஆடினார் என்பதால், வெளியே நிறுத்தினால் பிரெஸ் கவரேஜைச் சமாளிப்பாரா என்ற ஐயம் பலருக்கு இருந்தது. ஐயம் நியாயமானதுதான். ஆனால் அதற்கான விடை 2018ஆம் ஆண்டுக் காணொளியிலேயே இருந்தது. அந்தப் பருவத்தில் பெரும்பாலும் வெளியே நின்றுதான் அவர் 875 கெஜம் எடுத்திருந்தார். 21ஆவது தேர்வு கையிலிருந்த ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், டிசியூ பல்கலைக்கழகத்தின் ஜேலன் ரேகரை எடுத்தது. ரேகர் 2018இல் 1,000 கெஜத்தைத் தாண்டியவர், 2019இல் 611 கெஜத்துக்கு இறங்கியவர். அனுபவமில்லாத குவார்ட்டர்பேக்தான் காரணம் என்று அந்த வீழ்ச்சிக்கு ஒரு சமாதானமும் இருந்தது. அடுத்த தேர்விலேயே மினசோட்டா வைகிங்ஸ் ஜெஃபர்சனை எடுத்தது. முதல் பருவத்திலேயே அவர் 1,400 கெஜம் எடுத்தார். ஒருவருடைய குறைக்குச் சூழலைக் காரணம் காட்டி மன்னித்து, இன்னொருவருடைய நிறைவுக்கும் சூழலையே காரணம் காட்டித் தள்ளுபடி செய்யும் பழக்கம் ஆபத்தானது. இரண்டுக்கும் காணொளியில் சாட்சி கேட்க வேண்டும். 2022இல் ரேகரும் வைகிங்ஸுக்கே மாற்றப்பட்டு ஜெஃபர்சனோடு ஒரே அணியில் ஆடினார் என்பது கதையின் உபரி.

எண்களே வேண்டாம் என்பவனல்லன் நான். தன் அணியின் மொத்த வீச்சுக் கெஜங்களில் ஒருவர் எடுத்த பங்கு என்ன, அதை எந்த வயதில் எடுத்தார் என்ற இரண்டும் வெறும் மொத்தக் கணக்கைவிட அதிகம் சொல்லும். 19 வயதில் தன்னைவிட மூத்தவர்களை வென்றவரும், ஐந்தாம் ஆண்டில் 23 வயதோடு பதின்பருவத்தினரை வென்றவரும் ஒன்றல்லர். ஆனால் திறமை குவிந்த அணிகளில் இந்தப் பங்குக் கணக்கு ஏமாற்றும். ஒஹையோ ஸ்டேட்டின் மைக்கேல் தாமஸ் தம் கடைசிப் பருவத்தில் 56 பந்துகளே பிடித்தார். 2016 டிராஃப்டில் நான்கு ரிசீவர்கள் முதல் சுற்றிலேயே போனபின் 47ஆவது தேர்வாக நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அவரை எடுத்தது. 2019இல் ஒரே பருவத்தில் 149 பந்துகள் பிடித்துச் சாதனை படைத்தார். அதே கல்லூரியின் ஜாக்சன் ஸ்மித்-இஞ்சிக்பா, கேரட் வில்சனும் கிறிஸ் ஒலாவேயும் விலகிக்கொண்ட 2022 ரோஸ் பவுல் என்னும் கல்லூரி ஆட்டத்தில் 347 கெஜம் எடுத்தார். உடனிருந்தவர்கள் விலகியதும் அவர் சுருங்கவில்லை, விரிந்தார். இத்தகைய ஆட்டம் கிடைத்தால் முழுப் பருவத்தின் கணக்கையும் ஒதுக்கிவிட்டு அதைப் பார்ப்பேன்.

உடல்வாகு பற்றிய அச்சம் பல நேரங்களில் மிகையானது. கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 2020 பருவத்தில் வென்ற டெவான்டா ஸ்மித் 170 பவுண்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தார். முதுகுக்குப் பின்னால் ஆளை வைக்கத் தெரிந்தவருக்கு அது தடையாகவில்லை. மருத்துவ அறிக்கைகள் மட்டும் வேறு வகை. அவை அணிகளின் கையில் இருப்பவை, நம் கைக்கு வருவதில்லை. பிஒய்யு பல்கலைக்கழகத்தின் புகா நகுவா கல்லூரியில் அடிக்கடி காயம்பட்டவர். 2023இல் 177ஆவது தேர்வு வரை இறங்கி, முதல் பருவத்தில் 105 பந்துகளும் 1,486 கெஜங்களும் எடுத்தார். காயத்தால் கீழே போன வீரரையும் திறமைக் குறைவால் கீழே போன வீரரையும் வெளியிலிருந்து நாம் பிரித்தறிய முயலவேண்டும், அவ்வளவுதான்.

நீங்களே பார்த்துப் பழக விரும்பினால், தொலைக்காட்சிக் கோணம் உங்களைத் திண்டாடவைக்கும். பந்து வீசப்படுவதற்குள் ரிசீவர் திரையைவிட்டுப் போய்விடுவார். உயரத்திலிருந்து 22 பேரையும் காட்டும் காணொளி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மறு ஒளிபரப்புக் கோணங்களைச் சேர்த்துவைத்துப் பாருங்கள். ஒரு வீரருக்கு மூன்று ஆட்டங்கள் போதும்: அந்தப் பருவத்தில் அவர் சந்தித்த மிகச் சிறந்த கார்னர்பேக்குக்கு எதிரானது ஒன்று, அவருடைய குவார்ட்டர்பேக் சொதப்பியது ஒன்று, அவர் மிகக் குறைந்த கெஜம் எடுத்தது ஒன்று. பந்து வராத ஆட்டத்தில் அவர் எத்தனை முறை தனியாக விடுபட்டு நின்றார் என்று எண்ணிக் குறித்துவைத்துக்கொண்டு, அதன் பிறகு ஓட்ட நேரப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.