அப்பளச் சூட்டில் கோழி பொரிக்காதீர்கள்

கேள்வி: பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று கடையில் விற்பது போலவே வீட்டில் ஃப்ரைடு சிக்கன் செய்தேன். ஒரு கிலோ லெக் பீஸைத் தோல் உரித்து வாங்கி, கழுவி, மோரில் இரண்டு மணி நேரம் ஊற வைத்தேன். மைதாவில் மிளகாய்த்தூள், கரம் மசாலா கலந்து புரட்டி, செக்கு கடலை எண்ணெயை நன்றாகக் காயவிட்டுப் பொரித்தேன். எண்ணெய் நுரைத்துப் பொங்கியது, புகையும் வந்தது. ஐந்தே நிமிடத்தில் மேலே கறுத்துவிட்டது. பாதி மாவு உரிந்து கடாயின் அடியில் தங்கிவிட்டது. கடித்தால் எலும்பை ஒட்டி இரத்தம். ஓரளவு நன்றாக வந்த துண்டுகளை ஹாட்பாக்ஸில் வைத்தேன், அவையும் சொதசொதத்துப் போயின. சிக்கன் 65 எனக்குக் கைவந்த பலகாரம். இது மட்டும் ஏன் வரவில்லை? கே.எஃப்.சி. கடைக்காரர்கள் ரகசியமாக வைத்திருக்கும் அந்த 11 மசாலா தெரிந்தால்தான் வருமா? அடுத்த முறை குக்கரில் இரண்டு விசில் விட்டு எடுத்துப் பொரிக்கலாமா? அல்லது கடைக்காரர்கள் செய்வது போல எண்ணெயைக் குக்கரிலேயே ஊற்றி மூடிப் பொரிக்கலாமா?

— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். வீட்டுக் குக்கரில் எண்ணெய் ஊற்றி மூடிப் பொரிக்கவே கூடாது. ஒரு தடவை பார்ப்போமே என்றுகூட முயல வேண்டாம். நம் வீட்டுக் குக்கர் தண்ணீருக்காகச் செய்தது. அதற்குள் தண்ணீரின் சூடு ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடும். கேஸ்கட், வெயிட், சேஃப்டி வால்வு எல்லாமே அந்தக் கணக்கில் வைத்தவை. பொரிக்கும் எண்ணெயோ 160, 170 டிகிரி. சேஃப்டி வால்வுக்குள் இருக்கும் உலோகம், குக்கர் வறண்டு அளவுக்கு மீறிச் சூடேறினால் உருகி வழிவிட வேண்டும் என்பதற்காகவே இருக்கிறது. உள்ளே எண்ணெய் இருக்கும்போது அது உருகினால், அந்த ஓட்டை வழியாகக் கொதிக்கிற எண்ணெய் பீறிடும். கீழே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். மேலே விளக்கத் தேவையில்லை.

கடைக்காரர்கள் செய்கிறார்களே என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் கார்பின் ஊரில் உணவகம் நடத்தி, பின்னாளில் கே.எஃப்.சி.யைத் தொடங்கிய ஹார்லண்ட் சாண்டர்ஸ், வாணலியில் அரை மணி நேரம் பிடித்த வேலையைச் சுருக்குவதற்காக 1939 வாக்கில் பிரஷர் குக்கரைக் கையில் எடுத்தார். பசியோடு வந்து உட்கார்ந்த வாடிக்கையாளரைக் காக்க வைக்க முடியாத கடைக்காரரின் அவசரம் அது. பிறகு இந்த வேலைக்கென்றே பிரஷர் ஃப்ரையர் என்ற இயந்திரம் வந்தது. கனத்த பாத்திரம், சூட்டைத் தானே நிறுத்தி ஏற்றும் அமைப்பு, தாழ்போட்டு இறுக்கும் மூடி எல்லாம் அதில் உண்டு. உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. அமெரிக்கத் தென் மாநிலங்களில் இந்தக் கடைகளெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, கனமான இரும்புச் சட்டியில் வீட்டுப் பெண்கள் செய்துவந்த சமையல்தான் இது. திறந்த கடாயிலேயே நன்றாக வரும்.

11 மசாலாவைத் தேடி அலைய வேண்டாம். அது தெரிந்திருந்தாலும் உங்கள் கோழி இதே போலத்தான் வெந்திருக்கும்.

65 நன்றாக வரும் கைதான் இங்கே உங்களைக் கவிழ்த்திருக்கிறது. 65-க்கு வெட்டும் துண்டு பெருவிரல் பருமன். நன்றாகக் காய்ந்த எண்ணெயில் நான்கைந்து நிமிடத்தில் உள்ளும் புறமும் ஒன்றாக வெந்துவிடும். முழு லெக் பீஸ் நூறு கிராமுக்கு மேல் எடை, நடுவில் எலும்பு வேறு. சூடு மேலிருந்து எலும்பு வரை போய்ச் சேர 12 முதல் 15 நிமிடம் ஆகும். தீயைக் கூட்டினால் மேல்மாவுதான் சீக்கிரம் கருகும், எலும்போரச் சதை அதன் நேரத்தில்தான் வேகும். நீங்கள் போட்டது அப்பளச் சூடு. கோழிக்கு வேண்டியது அதிரசச் சூட்டுக்குச் சற்று மேலே, மெதுவடைச் சூட்டுக்குச் சற்றுக் கீழே.

எண்ணிக்கையில் சொன்னால், துண்டுகளைப் போடும்போது எண்ணெய் 170 டிகிரி இருக்கட்டும். கோழி விழுந்ததும் 150-க்குப் பக்கத்தில் இறங்கும். அதன் பிறகு 155, 160-லேயே நிற்கும்படி தீயை வைத்துக்கொள்ளுங்கள். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் பாதிக் கவலை தீரும். இல்லையென்றால் ஒரு சிட்டிகை ஈர மாவைப் போட்டுப் பாருங்கள். அடிவரை போய், மூன்று எண்ணுவதற்குள் சிறு குமிழிகளோடு மேலே வந்தால் சரி. விழுந்த இடத்திலேயே பொங்கிச் சிவந்தால் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு தடவைக்கு மூன்று துண்டு, அதற்கு மேல் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கோழியை அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். எண்ணெய் கடாயில் பாதிக்கு மேல் ஏறக் கூடாது.

செக்கு எண்ணெய் வேண்டாம். குழம்புக்கும் தாளிப்புக்கும் அதன் மணத்துக்கு ஈடில்லை. ஆனால் வடிகட்டாத கடலை எண்ணெய் ஏறக்குறைய 160 டிகிரியிலேயே புகையத் தொடங்கும். ஈரம் பட்டால் நுரைக்கவும் செய்யும். நீங்கள் பார்த்த புகையும் பொங்கலும் அதுதான். ரீஃபைண்டு கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ போதும். எப்போதாவது எண்ணெயில் தீப்பிடித்தால் கேஸை அணைத்து, தட்டத்தால் கடாயை மூடுங்கள். தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.

அடுத்தது மாவு உரிந்த கதை. காரணம் தண்ணீர், வேறெதுவுமில்லை. கழுவிய ஈரம், நீர்மோரின் ஈரம், தோல் இல்லாத சதையிலிருந்து கசியும் ஈரம் எல்லாம் சூட்டில் ஆவியாகி, உள்ளேயிருந்து மாவைத் தள்ளிவிட்டன. கறிக்கடையில் தோலோடு கேளுங்கள். சுத்தம் செய்த பிறகு ஒரு கிலோவிலிருந்து 1,200 கிராமுக்குள் இருக்கும் கோழியாகப் பார்த்து, எட்டுத் துண்டாகப் போடச் சொல்லுங்கள். பெரிய கோழியின் கால் வேகுமுன் மேலே கறுத்துவிடும். கழுவாமல் விட மனம் ஒப்பவில்லை என்றால் பாத்திரத்துத் தண்ணீரில் அலசுங்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் கோழியிலிருக்கும் கிருமி சிங்க் முழுக்கத் தெறிக்கும். அலசிய பிறகு சுத்தமான துணியால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுங்கள்.

அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் பட்டர்மில்க் நம் நீர்மோர் இல்லை. புளிக்க வைத்துத் திக்காக இருக்கும் பால் அது. ஒரு கப் கெட்டித் தயிரில் கால் கப் தண்ணீர் விட்டு அடித்தால் கிட்டத்தட்ட அந்தப் பதம் வரும். ஒரு கிலோ கோழிக்கு அதில் 15 கிராம் உப்பு (தூள் உப்பு தலைதட்டி இரண்டரை டீஸ்பூன்), இரண்டு டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு டீஸ்பூன் பூண்டு விழுது. இஞ்சி விழுதைக் கால் டீஸ்பூனோடு நிறுத்துங்கள், பச்சை இஞ்சி நேரம் கூடக்கூட மேல்சதையைக் கொழகொழக்க வைக்கும். எட்டு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் ஊறட்டும். இரண்டு மணி நேரத்தில் உப்பு எலும்பருகே எட்டாது.

மிளகாய்த்தூளையும் கரம் மசாலாவையும் மாவில் கலந்தது இன்னொரு தவறு. எண்ணெய்க்கு நேராகப் படும் மிளகாய்த்தூள் மைதாவை முந்திக் கருகும். காரம் ஊறலிலேயே இருக்கட்டும். மாவுக்கு இரண்டு கப் மைதா, அரை கப் கார்ன் ஃப்ளார், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் வெள்ளை மிளகுத்தூள். கார்ன் ஃப்ளார் என்று வெள்ளையாக, தொட்டால் கிரீச்சிடும் மாவைக் கேட்டு வாங்குங்கள். மஞ்சளாக இருப்பது மக்காச்சோள மாவு, அது இதற்கு ஆகாது. மைதா மட்டும் போட்டால் மேல்மாவு தோல் போல இழுக்கும், ஸ்டார்ச் சேர்ந்தால்தான் நொறுங்கும்.

இனிச் சொல்வதுதான் பெரும்பாலோர் விட்டுவிடும் இடம். ஊறலிலிருந்து மூன்று மேசைக்கரண்டி எடுத்து உலர்ந்த மாவில் தெளித்து, புட்டுக்குப் பிசிறுவது போல விரல் நுனியால் பிசிறுங்கள். மிளகளவு, கடுகளவு உருண்டைகள் உண்டாகும். கடைச் சிக்கனில் செதில் செதிலாகத் தெரிவது இவைதான். தயிரை வழித்துவிட்டுத் துண்டை இந்த மாவில் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஒட்டுங்கள். உதறி, கம்பி வலையில் 15 நிமிடம் அப்படியே விடுங்கள். வெள்ளை மாவு ஈரத்தைக் குடித்து, பசை போல மங்கி வரும். உலர்ந்த மாவு எங்கும் கண்ணில் படாத நிலையில் எண்ணெயில் போட்டால் உரியாது. போட்ட முதல் மூன்று நிமிடம் கரண்டி படக் கூடாது. அதற்குள் மேல்மாவு இறுகிவிடும், பிறகு திருப்பலாம்.

காதையும் கொஞ்சம் அடுப்பருகே வையுங்கள். போட்டதும் பெரிய குமிழிகளோடு சடசடவென்று இரையும். பத்து நிமிடம் கழித்து குமிழி சிறுத்து, சத்தம் தணிந்து சிடுசிடுப்பாக மாறும். வெளியேற வேண்டிய நீர் பெரும்பாலும் வெளியேறிவிட்டது என்று அர்த்தம். கால் துண்டு 12 நிமிடம், தொடைத் துண்டு 15 நிமிடம். எலும்பைத் தொடாமல், சதை தடித்த இடத்தில் தெர்மாமீட்டரைக் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும்.

எலும்போரச் சிவப்பைக் கண்டாலே பயப்படத் தேவையில்லை. பிராய்லர் கோழி ஆறு வாரக் குஞ்சு, எலும்பு முற்றாதது. மஜ்ஜையின் நிறம் கசிந்து, வெந்த சதையையும் சிவப்பாகவோ கறுப்பாகவோ காட்டும். சதை எலும்பை விட்டுப் பிரிந்து, வழியும் சாறு தெளிவாக இருந்தால் சாப்பிடலாம். கண்ணாடி போலப் பளபளத்து ரப்பராக இழுத்தால் அது வேகாத கோழி. ஐந்து நிமிடத்தில் எடுத்த உங்கள் துண்டுகள் இந்த இரண்டாவது வகைதான். பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது, சால்மோனெல்லா வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும். இப்படி ஆகிவிட்டால் கறுத்த மாவை உரித்தெறிந்துவிட்டு, துண்டுகளைக் குழம்பில் போட்டு 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள், கோழி வீணாகாது.

இரண்டு விசில் யோசனையையும் கைவிடுங்கள். சதையின் சாறு குக்கர் தண்ணீரோடு போய்விடும். மிச்சத்தைப் பொரித்தால் நார் நாராக வரும். வெந்த தோல் வழுக்கும், மாவும் நிற்காது. உள்ளே வேகுமோ என்ற பயம் இருந்தால், ஓவன் உள்ளவர்கள் எட்டு நிமிடம் பொன்னிறமாகப் பொரித்து, 170 டிகிரி ஓவனில் கம்பி வலை மேல் 12 நிமிடம் வைத்து முடிக்கலாம்.

ஹாட்பாக்ஸ் இட்லிக்கு. பொரித்த கோழியிலிருந்து வெளிவரும் ஆவியை அது உள்ளேயே பூட்டி, மேல்மாவை நனைத்துவிடும். டிஷ்யூ பேப்பர் மேல் வைத்தாலும் அடிப்பக்கம் இப்படியே ஊறும். கம்பி வலை இல்லாவிட்டால் ஓட்டை உள்ள இடியாப்பத் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள், மூடாதீர்கள்.

புகைந்து கறுத்த அந்த எண்ணெயைத் தாளிப்புக்கு எடுத்து வைத்திருந்தால் தயவுசெய்து கொட்டிவிடுங்கள், சிங்க்கில் வேண்டாம், பாட்டிலில் அடைத்துக் குப்பைக்கு. அடுத்த முறை ஒரு கிலோவில் தொடங்காமல் இரண்டே இரண்டு கால் துண்டு போடுங்கள். ஒன்றை 12-ஆவது நிமிடத்திலும் இன்னொன்றை 15-ஆவது நிமிடத்திலும் எடுத்து, எலும்பு வரை வெட்டிப் பாருங்கள். உங்கள் அடுப்புக்கும் உங்கள் கடாய்க்கும் எத்தனை நிமிடம் என்று அதில் தெரிந்துவிடும். மீதிக் கோழியை அந்தக் கணக்கில் பொரியுங்கள்.