வயிற்றுக்கு எடுத்த சிடி ஸ்கேனில் எலும்பு அடர்த்தி குறைந்திருப்பது தெரியுமா?

தெரியும். சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனாக இருந்தாலும் முதுகெலும்பு அதில் எப்படியும் விழுந்திருக்கும். அதையே திரும்பப் பார்த்தால் போதும்.

சிடி படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. எலும்பில் தாது கூடக்கூட எண்ணும் ஏறும். கதிரியக்க மருத்துவர் இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பை, அதாவது எல்1-ஐ, திரையில் எடுத்து நடுவில் ஒரு வட்டம் போடுவார். ஓரத்துக் கெட்டி ஓடு அதற்குள் வரக்கூடாது. உள்ளே பஞ்சு போலத் துளைதுளையாக இருக்கிறதே, அந்தப் பகுதிதான் சீக்கிரம் தேயும். சராசரி 160-க்கு மேல் வந்தால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய், இருக்க வாய்ப்பு குறைவு. 100-க்குக் கீழே போனால் கட்டாயம் கவனிக்க வேண்டும். இடையில் நின்றால் எலும்பு அடர்த்தியை அளப்பதற்கென்றே உள்ள டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஒரு விஷயம்: படம் தெளிவாகத் தெரிய ரத்தக்குழாயில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியிருந்தால் எண் சற்றுக் கூடுதலாகக் காட்டும். ஸ்கேனரின் மின்னழுத்தம் மாறினாலும் எண் மாறும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அதே சிடியின் பக்கவாட்டுப் படம். வலியே இல்லாமல் நசுங்கிப்போன முள்ளெலும்பு அதில் ஆப்பு வடிவில் தெரியும். வயதானவர்களின் முதுகில் எலும்பு முளைகள் இருந்தால் டெக்ஸா அடர்த்தியைக் கூட்டிக் காட்டிவிடும். சிடியில் அந்தக் குழப்பம் குறைவு.

அதற்காக, எலும்பைப் பார்க்க மட்டும் புதிதாகச் சிடி எடுக்காதீர்கள். டெக்ஸாவைவிட அதில் கதிர்வீச்சு பல மடங்கு அதிகம். பழைய ஸ்கேன் கையில் இருந்தால் மருத்துவரிடம் கொடுத்து, "எல்1 அளவு பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.