கார்மெல் பள்ளியும் உங்கள் மகளின் நீச்சலும்

வணக்கம் சகோதரி. இண்டியானாபொலிசுக்கு மாறி வருகிறீர்கள், மகள் ஒன்பதாம் வகுப்பு, நீச்சலை விட மனசில்லை, பக்கத்து ஊரான கார்மெலின் அரசுப் பள்ளியில் சேர்த்தால் அணியில் இடம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

படிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஏபி (கல்லூரி நிலைப் பாடங்கள்), ஐபி டிப்ளமோ (சர்வதேசப் பாடத்திட்டம்) இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நீச்சல்தான் யோசிக்க வேண்டிய விஷயம். அந்தப் பள்ளியின் பெண்கள் அணி 1987 முதல் விடாமல் மாநிலப் பட்டம் வாங்கி வருகிறது. அமெரிக்கப் பள்ளி விளையாட்டில் இவ்வளவு நீண்ட தொடர் வெற்றி வேறு எந்த அணிக்கும் இல்லை. மாணவர்களோ ஐயாயிரத்துக்கு மேல். சிறு வயதிலிருந்தே உள்ளூர் கிளப்பில் நீந்தியவர்களோடுதான் போட்டி.

இங்கே பள்ளிப் போட்டிகள் 25 கெஜக் குளத்தில் நடக்கும், அதாவது 22.86 மீட்டர். மகள் 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 1:05-ல் முடித்தால், இங்கே 100 கெஜத்துக்கு அது சுமார் 57 வினாடி. இப்படி மாற்றிய நேரங்களைப் பயிற்சியாளருக்கு இப்போதே மின்னஞ்சலில் அனுப்பிக் கேளுங்கள். சீசன் குளிர்காலத்தில், பிப்ரவரியில் மாநில இறுதிப்போட்டி.

அப்புறம் வீடு. முகவரியில் கார்மெல் என்று இருந்தாலே போதும் என்று நம்பிவிடாதீர்கள். எந்தப் பள்ளி என்பதை வீடு இருக்கும் பள்ளி மாவட்டம், அதாவது பள்ளி நிர்வாகப் பகுதிதான் முடிவு செய்யும். 146-ஆவது தெருவுக்கு வடக்கே சில வீடுகள் பக்கத்து ஊரான வெஸ்ட்ஃபீல்டின் பள்ளி மாவட்டத்தில் வரும். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் முகவரியைச் சொல்லி உறுதி செய்யுங்கள். என்னைக் கேட்டால், மகள் தவறாமல் போட்டிகளில் இறங்கி நீந்த ஆசைப்பட்டால் வெஸ்ட்ஃபீல்டு பள்ளியையும் ஒருமுறை நேரில் பாருங்கள்.